‘அந்தரங்கத்திலே ஒன்றும் பேசவில்லை’: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகர், இயேசு “உவமைகளினாலேயன்றி அவர்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை” என்று மாற்கு எழுதியிருக்கிறாரே, அப்படியானால் அவர் மலைமேல் ஜனங்களுக்கு நேரடியாகப் போதித்த மலைப்பிரசங்கத்தை எதில் சேர்ப்பது என்று கேட்டிருந்தார். பக்கம் முடியப் போகிற அவசரத்தில், “பெரும்பாலும் உவமை என்று எடுத்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு வரி எழுதித் தள்ளிவிட்டேன். தப்புதான். வந்த கடிதங்களில் பாதி திட்டு, மீதி இன்னும் கஷ்டமான கேள்வி. அதனால் இந்தத் தடவை வேறு எதையும் தொடவில்லை, எல்லாம் இதே விஷயம். வசனங்களை நம் வீடுகளில் வழக்கமாக இருக்கிற பழைய மொழிபெயர்ப்பிலிருந்துதான் எடுத்திருக்கிறேன். வேறு மொழிபெயர்ப்பு வைத்திருப்பவர்கள் எண்ணைப் பார்த்துத் தேடிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, நான் எங்கள் சபையில் சண்டே கிளாஸ் எடுக்கிறேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், “மாற்கு 4:34இல் இயேசு ஜனங்களிடம் உவமையாக மட்டும் பேசினார், சீஷரோடே தனித்திருக்கும்போது எல்லாவற்றையும் விவரித்துச் சொன்னார் என்று இருக்கிறது. யோவான் 18:20இல் ‘அந்தரங்கத்திலே நான் ஒன்றும் பேசவில்லை’ என்று அவரே சொல்கிறார். எது மிஸ் உண்மை?” என்று கேட்டான். அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். மூன்று வாரம் ஆகிவிட்டது. (ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: டீச்சர், மூன்று வாரமெல்லாம் ஒரு தாமதமே இல்லை. பையனுக்கு முதலில் என் கணக்கில் ஒரு சாக்லேட் வாங்கிக் கொடுங்கள், அப்புறம் அவன் பாதிதான் கேட்டிருக்கிறான் என்றும் சொல்லுங்கள். யோவான் 16:25ஐயும் பக்கத்தில் வைத்தால்தான் சிக்கல் முழுசாகிறது. கடைசி இரவு, சாப்பாடு முடிந்துவிட்டது, யூதாஸ் எழுந்து போய்விட்டான், மீதி இருப்பது சொந்த சீஷர்கள் மட்டும். அவர்களைப் பார்த்து, “இவைகளை நான் உவமைகளாய் உங்களுடனே பேசியிருக்கிறேன்” என்கிறார். மாற்கு கணக்குப்படி உவமை வெளியில் இருப்பவர்களுக்கு, விளக்கம் உள்ளே இருப்பவர்களுக்கு. இங்கே உள்ளே இருப்பவர்களுக்கும் கடைசி இரவு வரைக்கும் உவமைதான் கிடைத்திருக்கிறது! நாலு வசனம் தள்ளி, “இதோ, இப்பொழுது நீர் உவமையாய்ப் பேசாமல், வெளிப்படையாய்ப் பேசுகிறீர்” என்று சீஷர்கள் சொல்கிறார்கள். அதே ராத்திரி, பிடித்துக்கொண்டு போன பிறகு, பிரதான ஆசாரியனிடம், “நான் வெளியரங்கமாய் உலகத்துடனே பேசினேன்” என்கிறார்.

இதற்காக ஒரு பழைய டைரித் தாளில் நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் கிரேக்கச் சொல், வலது பக்கம் நம் தமிழ் வேதத்தில் அதற்கு வந்திருக்கும் சொல் என்று எழுதிப் பார்த்தேன். மாற்கும் மத்தேயுவும் லூக்காவும் ‘உவமை’க்கு வைத்திருக்கும் சொல் பராபொலே. யோவான் சுவிசேஷத்தில் அந்தச் சொல் ஒரு இடத்தில்கூடக் கிடையாது. அவர் வைத்திருப்பது பரொய்மியா, நீதிமொழிகள் புத்தகத்துக்கே கிரேக்கத்தில் அதுதான் தலைப்பு. நம் மொழிபெயர்ப்பில் இரண்டும் ‘உவமை’ ஆகிவிட்டன. இதற்கு நேர் எதிரே, பர்ரேசியா என்று ஒரே ஒரு சொல், அது நமக்கு நாலு வேஷத்தில் வருகிறது: மாற்கு 8:32இல் ‘தாராளமாக’, யோவான் 10:24இல் ‘தெளிவாய்’, 11:14இலும் 16:29இலும் ‘வெளிப்படையாய்’, 18:20இல் ‘வெளியரங்கமாய்’.

கவனித்தீர்களா, கிரேக்கத்தில் படிக்கிறவனுக்கு முரண்பாடு நமக்குத் தெரிவதைவிடப் பச்சையாகத் தெரியும். “இப்போதுதான் பர்ரேசியாவாகப் பேசுகிறீர்” என்று சீஷர்கள். “உலகத்தோடு பர்ரேசியாவாகத்தான் பேசினேன்” என்று அவர். ஒரே புத்தகம், ஒரே இரவு, ஒரே சொல். நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஒன்றை வெளிப்படை என்றும் மற்றதை வெளியரங்கம் என்றும் போட்டு, நம்மிடம் சொல்லாமலே முடிச்சை அவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் அவிழ்த்த விதம் சரி என்றுதான் நினைக்கிறேன், ஆனால் முடிச்சு இருந்தது என்று பையனுக்குத் தெரிய வேண்டும்.

அந்தச் சொல் முதலில் ஏதென்ஸ் நகரத்துச் சொல், ‘எல்லாவற்றையும் சொல்வது’ என்று அர்த்தம். சுதந்திரக் குடிமகன் சபையில் எழுந்து மனதில் பட்டதைப் பேசும் உரிமை. அப்புறம் அது நழுவி, ஒளிவுமறைவில்லாமல் என்றும் ஊரறிய என்றும் இரண்டு பக்கமும் போனது. நம் ‘வெளிப்படை’யும் அப்படித்தானே? “சுத்தி வளைக்காமே வெளிப்படையாச் சொல்லு” என்றால் ஒரு அர்த்தம், “வெளிப்படையாகவே லஞ்சம் வாங்குகிறான்” என்றால் வேறு அர்த்தம். எந்த அர்த்தம் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? எதிரே என்ன சொல் நிற்கிறது என்று பார்த்துத்தான். 16:29இல் எதிரே நிற்பது உவமை, ஆகவே அங்கே பேச்சு விதத்தைப் பற்றியது. 18:20இல் எதிரே நிற்பது அந்தரங்கம், ஆகவே இடத்தைப் பற்றியது. அவரே இடத்தையும் சொல்கிறார், ஜெபாலயங்களிலே, தேவாலயத்திலே என்று. விசாரணையும் அதைப் பற்றித்தான், ஏதோ ரகசியக் கூட்டம் சேர்க்கிறான் என்ற சந்தேகத்தில் அவருடைய சீஷர்களைப் பற்றியும் போதகத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். ‘கேட்டவர்களிடத்தில் விசாரியும்’ என்கிறார். சந்தையில் நின்று விடுகதை போட்டாலும் அது சந்தையில் போட்டதுதான்.

சரி, தனியாக விளக்கினாரே, அது அந்தரங்கம் இல்லையா என்று பையன் விடாமல் கேட்பான், கேட்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு பேசிய பேச்சு யோவானிலேயே ஐந்து அதிகாரம் இருக்கிறது, 13 முதல் 17 வரை. அதை எழுதிவிட்டு அடுத்த அதிகாரத்திலேயே ‘அந்தரங்கத்திலே ஒன்றும் பேசவில்லை’ என்று எழுதுகிறவருக்கு, தான் என்ன எழுதினோம் என்று மறந்தா போயிருக்கும்? ஊருக்கு ஒரு போதனை, உள்ளே வேறு ஒரு போதனை என்று வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் அங்கே பேச்சு. மத்தேயு 10:27ஐயும் காட்டுங்கள், “நான் உங்களுக்கு இருளிலே சொல்லுகிறதை நீங்கள் வெளிச்சத்திலே சொல்லுங்கள்” என்று இருக்கிறது. தனியாகச் சொன்னது தனியாகவே இருக்கட்டும் என்று சொன்னதல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு வித்தியாசம் மிஞ்சும், அதைப் பூசி மெழுக வேண்டாம். மாற்கில் சீஷர்களுக்கு அப்போதைக்கப்போது விளக்கம் கிடைக்கிறது. யோவானிலோ, உயிர்த்தெழுந்த பிறகுதான் எல்லாம் ஞாபகம் வந்து விளங்கியது (2:22), அதுவரை அவர் வாழ்க்கையே ஒரு புதிர். இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து எழுதவில்லை, ஒவ்வொருவர் கதையை அமைத்த விதம் வேறு. எட்டாம் வகுப்புப் பையனுக்கு இது தாராளமாகப் புரியும்.

இன்னொன்று. “இப்பொழுது வெளிப்படையாய்ப் பேசுகிறீர்” என்று சீஷர்கள் சந்தோஷப்பட்ட உடனே அவர் என்ன கேட்டார் என்று பாருங்கள்: “இப்பொழுது நீங்கள் விசுவாசிக்கிறீர்களா?” அடுத்த வசனத்தில், நீங்கள் சிதறி ஓடும் வேளை வந்துவிட்டது என்கிறார். புரிந்துவிட்டது என்று அவர்கள் சொன்ன நேரத்தில் அவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்கவில்லை.

கேள்வி: போன இதழில் மலைப்பிரசங்கம் பற்றிக் கேட்டது நான்தான். இந்த முறையாவது ஒழுங்காகச் சொல்வீர்களா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: மன்னிக்கணும். மாற்கில் மலைப்பிரசங்கமே கிடையாது, அதனால் அவரை அதை வைத்து மடக்க முடியாது. மடக்க வேண்டியது மத்தேயுவை. 5 முதல் 7 வரை நேரடியாகப் போதிக்க வைத்துவிட்டு, 13:34இல் அதே வரியை அவரும் எழுதுகிறார். 13ஆம் அதிகாரம் ஒரே நாள், ஒரே கடற்கரை, இவர் படகில், ஜனங்கள் கரையில். “இவைகளையெல்லாம்” என்று அந்த வசனம் ஆரம்பிக்கிறது, அந்த ‘இவை’ அன்றைக்குப் பேசியதுதான். “நேத்து கல்யாண வீட்டில் அவர் தமிழைத் தவிர ஒரு வார்த்தை பேசலை” என்று சொன்னால், ஆயுசு முழுக்க வேறு பாஷையே பேசியதில்லை என்றா அர்த்தம்?

அதைவிட, பராபொலே என்பதற்குள் நாம் நினைப்பதைவிட நிறைய அடங்கும். அதற்குப் பின்னால் இருக்கிற எபிரெயச் சொல் மாஷால். கதை, பழமொழி, விடுகதை, குத்தல் பேச்சு எல்லாமே மாஷால்தான். லூக்கா 4:23இல் “வைத்தியனே, உன்னைத்தானே குணமாக்கிக்கொள்” என்பதும் பராபொலேதான், நம் மொழிபெயர்ப்பு அதைப் ‘பழமொழி’ என்று போட்டுவிட்டது. மாற்கு 7:15இல் வெளியிலிருந்து உள்ளே போவது மனுஷனைத் தீட்டுப்படுத்தாது என்று ஜனங்களைக் கூப்பிட்டுச் சொல்கிறார். எனக்கு அது நேர்ப்பேச்சாகத்தான் தெரிகிறது, சீஷர்களோ வீட்டுக்குள் வந்ததும் “அந்த உவமையைக்குறித்து” விசாரிக்கிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் மலைப்பிரசங்கத்திலும் உப்பு, விளக்கு, கண்ணில் உத்திரம், பன்றிகள் முன் முத்து, மணல்மேல் கட்டிய வீடு என்று பத்தடிக்கு ஒரு உவமை இருக்கிறது.

கேள்வி: “அவர்கள் குணப்படாதபடிக்கும், பாவங்கள் அவர்களுக்கு மன்னிக்கப்படாதபடிக்கும்” உவமையாகச் சொல்கிறேன் என்று மாற்கு 4:12இல் இருக்கிறதே. புரியக் கூடாது என்பதற்காகவே ஒருவர் பிரசங்கம் செய்வாரா? இதை வாசித்த நாளிலிருந்து மனசு கேட்கவில்லை. (ஒரு வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: உங்களுக்கு மட்டும் இல்லை, மத்தேயுவுக்கும் மனசு கேட்கவில்லை என்று நினைக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மாற்கு: காணாதவர்களாகவும் உணராதவர்களாகவும் “இருக்கும்படி” சொல்லப்படுகிறது. மத்தேயு 13:13: காணாமலும் உணர்ந்துகொள்ளாமலும் “இருக்கிறபடியினால்” உவமையாகப் பேசுகிறேன். ஒன்று நோக்கம், மற்றது காரணம். கிரேக்கத்தில் ஹினா, ஹோட்டி என்று இரண்டு சின்னச் சொற்கள். தமிழில் இரண்டு பக்கமும் ஒரே ‘படி’, அதன் வாலில்தான் வித்தியாசம்.

இதற்குப் பண்டிதர்கள் சொல்லும் சமாதானங்களில் ஒன்று மொழி சார்ந்தது. இயேசு பேசிய அரமேய மொழியில் ‘த’ என்று ஒரு ஒட்டு உண்டு, அது ‘எவர்கள்’, ‘ஆகும்படி’, ‘ஆனபடியால்’ எல்லாவற்றுக்கும் போகும். மேற்கோள் ஏசாயா 6:9-10இலிருந்து வருகிறது. எபிரெயத்தில் அங்கே கடைசியில் இருப்பது ‘குணமாக்குதல்’, மாற்கில் இருப்பதோ ‘மன்னித்தல்’. ஜெபாலயத்தில் வாசித்த தர்கூம் என்ற அரமேய விளக்கமொழியிலும் ‘மன்னித்தல்’ என்றே இருக்கிறது. ஆகவே மாற்கின் வரிக்கு அடியில் ஒரு அரமேய வரி இருந்து, கிரேக்கத்துக்கு வரும்போது ‘எவர்கள்’ என்பது ‘ஆகும்படி’ என்று இறுகிவிட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. கெட்டிக்காரத்தனமான விளக்கம். ஆனால் மாற்கு எழுதி வைத்திருப்பது ஹினாதான், நம் கையில் இருக்கும் புத்தகம் அதுதான்.

எனக்கு இன்னும் பிடித்தது ஏசாயாவையே அவருடைய தொனியில் வாசிப்பது. பரீட்சைக்கு முந்தின நாள் பையன் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது அம்மா என்ன சொல்கிறாள்? “போ, நல்லா விளையாடு, புத்தகத்தைத் தொட்டுடாதே, ஃபெயிலாகி வந்து நில்லு.” இதை எழுத்தில் போட்டால் கட்டளை. அடுப்படியில் நின்று கேட்டவனுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். ஏசாயாவும் அதற்குப் பிறகு வாயை மூடிக்கொள்ளவில்லை, ஜனங்களிடம் பேசிக்கொண்டேதான் இருந்தார். ஆனால் இதுவும் பாதிதான் ஒட்டுகிறது. மாற்கில் தொனி கொஞ்சம் கறாராகவே இருக்கிறது, அதை அம்மா பேச்சாக்கி முழுசாக இனிப்பாக்க முடியவில்லை.

நான் நிற்பது எங்கே என்றால், மாற்கு அந்த வரியை எழுதிய பிறகு கதையை எப்படிக் கொண்டுபோகிறார் என்பதில். நாலு அதிகாரம் தள்ளி, படகில், அதே வார்த்தைகள் திரும்ப வருகின்றன: “உங்களுக்குக் கண்களிருந்தும் காணாதிருக்கிறீர்களா? காதுகளிருந்தும் கேளாதிருக்கிறீர்களா?” (8:18). யாரைப் பார்த்து? சீஷர்களைப் பார்த்து. பரிசேயருடைய புளித்த மாவைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்றால், நாம் அப்பம் எடுத்து வரவில்லையே என்று கவலைப்பட்ட ஆட்கள் அவர்கள். அப்புறம் “தாராளமாக” தன் மரணத்தைப் பற்றிச் சொல்கிறார், உவமை இல்லை, புதிர் இல்லை. பேதுரு தனியே அழைத்துப் போய் அவரைக் கடிந்துகொள்கிறான். 12ஆம் அதிகாரத்தில், தோட்டத்துச் சொந்தக்காரன் மகனையே கொன்றுபோட்ட திராட்சத்தோட்டக் குத்தகைக்காரர் உவமை, கேட்பவர்கள் பிரதான ஆசாரியரும் வேதபாரகரும், அசல் ‘வெளியாட்கள்’. அவர்களுக்கு யாரும் விளக்கவில்லை. “தங்களைக்குறித்து இந்த உவமையைச் சொன்னாரென்று அவர்கள் அறிந்து, அவரைப் பிடிக்க வகைதேடினார்கள்.” நொடியில் புரிந்தது, புரிந்ததுதான் பிரச்சினை.

கேள்வி: எங்கள் ஊர் கன்வென்ஷனில் ஒரு பிரசங்கியார் நல்ல சமாரியன் கதையில் சத்திரம் என்றால் சபை, இரண்டு காசு என்றால் இரண்டாயிரம் வருஷம், கழுதை என்றால் என்னமோ என்று அரை நாள் விளக்கினார். உவமையில் எல்லாவற்றுக்கும் அர்த்தம் உண்டா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: அவரைக் குறை சொல்லாதீர்கள், அவருக்கு முன்னால் பெரிய பெரிய ஆட்களே அந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். 430இல் இறந்த ஆயர் அகுஸ்தீன், அடிபட்டவன் ஆதாம், எருசலேம் பரலோக நகரம், எரிகோ என்றால் சந்திரன், அதாவது தேய்ந்து போகும் மனுஷ வாழ்வு, சத்திரக்காரன் அப்போஸ்தலன் பவுல் என்று வரிசையாக எழுதினார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் “எனக்குப் பிறன் யார்?” என்று இயேசுவிடம் கேட்டு அந்தக் கதையை வரவழைத்த நியாயசாஸ்திரிக்கு அதில் பதில் எங்கே? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் யூலிஷர் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் எதிர்ப்பக்கம் போய், ஒரு உவமைக்கு ஒரே ஒரு கருத்துதான் என்று அடித்துச் சொன்னார். அதுவும் கொஞ்சம் அதிகம். விதைக்கிறவன் உவமைக்கு மாற்கு 4இல் வரும் விளக்கம் வழியருகு, கற்பாறை, முள் என்று ஒவ்வொன்றாகத்தானே எடுத்துச் சொல்கிறது?

உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம் தீர்க்கதரிசி நாத்தான் சொன்ன கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியை, அவன் மடியிலே படுத்துக்கொண்ட குட்டியை, ஐசுவரியவான் பிடித்து வந்து விருந்தாளிக்குச் சமைக்கிறான். தாவீது அதை உவமை என்றே நினைக்கவில்லை, நிஜ வழக்கு என்று கோபத்தில் தீர்ப்பே சொல்லிவிட்டான். அதற்குப் பிறகுதான் “நீயே அந்த மனுஷன்” என்ற நேர்ப்பேச்சு. ஆட்டுக்குட்டி எதைக் குறிக்கிறது, அதன் நாலு கால் எதைக் குறிக்கின்றன என்று ராஜா நோட்டுப் புத்தகத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தால் நாத்தான் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்.

நம் இலக்கணத்திலேயே இதற்கு நல்ல பாத்திரங்கள் இருக்கின்றன, யாரும் எடுப்பதில்லை. “பரலோகராஜ்யம் கடுகுவிதைக்கு ஒப்பாயிருக்கிறது” என்பது உவமை. “நானே வாசல்” என்பது உருவகம். திராட்சத்தோட்டக் கதை, சொல்ல வந்ததைச் சொல்லாமல் வேறொன்றைச் சொல்லிப் புரிய வைக்கிறது, அது பிறிதுமொழிதல், மயிற்பீலி வண்டியின் அச்சு முறிகிற குறள் மாதிரி. அந்தக் குறளில் வண்டிச் சக்கரம் எதைக் குறிக்கிறது என்று எந்தத் தமிழாசிரியரும் கேட்டதில்லை.

கேள்வி: நான் ஆர்.சி., வீட்டுக்காரர் சி.எஸ்.ஐ. கல்யாணமாகி பதினெட்டு வருஷமாக, கடைசி இரவில் இயேசு அப்பத்தை எடுத்து “இது என்னுடைய சரீரமாயிருக்கிறது” என்றது உவமையா நேர்ப்பேச்சா என்று எங்கள் வீட்டில் சண்டை. தீர்த்து வையுங்கள். (ஒரு வாசகி, தூத்துக்குடி)

பதில்: அம்மா, 1529இல் ஒரு சிற்றரசர் முயன்று முடியாததை என்னிடம் கொடுக்கிறீர்கள். ஹெஸ்ஸே நாட்டுப் பிலிப்பு, லூத்தரையும் சூரிச் நகரத்து ஸ்விங்கிலியையும் மார்பர்க் கோட்டைக்கு வரவழைத்து உட்கார வைத்தார், அக்டோபர் மாசம். பேச்சு ஆரம்பிக்கும் முன்பே லூத்தர் ஒரு சுண்ணக்கட்டியை எடுத்து மேஜைமேல் லத்தீனில் ‘இது என் சரீரம்’ என்று எழுதிவிட்டார். ஸ்விங்கிலி ‘இருக்கிறது’ என்றால் அங்கே ‘குறிக்கிறது’ என்று பொருள், “மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது” என்று யோவான் 6:63இலேயே இருக்கிறதே, இந்த வசனம் உம் கழுத்தை முறிக்கும் என்றார். இங்கே கழுத்துகள் அவ்வளவு சுலபமாக முறியாது, இது ஹெஸ்ஸே, சுவிட்சர்லாந்து இல்லை என்று லூத்தர். மேஜை விரிப்பை விலக்கி, எழுதியதைக் காட்டி, இதோ இருக்கிறது வசனம் என்றார். கடைசியில் 15 பிரிவுகளில் 14இல் ஒத்துப்போய், பதினைந்தாவதில் அப்பத்துக்குள் சரீரம் இருக்கிறதா என்ற ஒரு இடத்தில் பிரிந்துவிட்டார்கள். கவனியுங்கள், இரண்டு பேரும் புராட்டஸ்டண்டுகள். உங்கள் வீட்டுச் சண்டையில் ஆர்.சி. கட்சி அந்த மேஜையிலேயே இல்லை.

இதில் எனக்கு ருசியான விஷயம் அந்த ‘இருக்கிறது’. கிரேக்கத்திலும் லத்தீனிலும் அந்த வினைச்சொல் நிற்கிறது, அதன் தோளில்தான் மொத்த வழக்கும். தமிழில் “இது என் உடம்பு” என்றால் வாக்கியம் முடிந்தது, வினையே வேண்டாம். அரமேயத்திலும் வேண்டியதில்லை. அப்படியானால் இயேசு தம் வாயால் அந்தச் சொல்லைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். நம் மொழிபெயர்ப்பாளர்கள் கிரேக்கத்துக்கு விசுவாசமாக “ஆயிருக்கிறது” என்று கூட்டியிருக்கிறார்கள். இதை வைத்து நீங்கள் யாரும் ஜெயிக்க முடியாது, வினைச்சொல் இல்லாமலும் நிஜமாகச் சொல்லலாம், உருவகமாகவும் சொல்லலாம். “இது என் வீடு” என்று வீட்டைக் காட்டியும் சொல்லலாம், வரைபடத்தைக் காட்டியும் சொல்லலாம். சண்டையைத் தொடருங்கள்.

கேள்வி: கண்ணைப் பிடுங்கு, கையைத் தறி என்பதை நேராக எடுத்து யாராவது செய்திருக்கிறார்களா? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: கண் விஷயத்தில் தெரியாது, ஆனால் மத்தேயு 19:12, பரலோகராஜ்யத்தினிமித்தம் தங்களை அண்ணகர்களாக்கிக்கொண்டவர்கள், அதாவது ஆண்மையை நீக்கிக்கொண்டவர்கள், என்கிற வசனம், அதை அலெக்சாந்திரியாவில் இளைஞனாக இருந்த ஒரிகேன் தன் உடம்பிலேயே நிறைவேற்றினார் என்று யூசேபியஸ் தன் சபைச் சரித்திரத்தில் எழுதுகிறார். வேதத்தில் எதைப் பார்த்தாலும் உள்ளர்த்தம் தேடிய மனுஷர் ஒரிகேன், அவர் போய் இந்த ஒரு வசனத்தை எழுத்துப்படி எடுத்தாராம்! அதனாலேயே இதை நம்பாதவர்களும் இருக்கிறார்கள். வயதான பிறகு அவரே மத்தேயுவுக்கு எழுதிய விளக்கவுரையில் இந்த வசனத்தை அப்படி எடுப்பது தவறு என்று கண்டிக்கிறார். ஆனால் வேறு சிலர் செய்திருக்க வேண்டும், ஏனென்றால் 325இல் நிசேயாவில் கூடிய சங்கத்தின் முதல் விதியே தானாக அப்படிச் செய்துகொண்டவன் குருவாக இருக்கக் கூடாது என்பதுதான். சும்மா ஒருத்தரும் விதி போட மாட்டார்கள்.

கண்ணுக்கு வருவோம். “உன் வலதுகண் உனக்கு இடறலுண்டாக்கினால்” என்று இருக்கிறது. வலதை எடுத்துவிட்டால் இடது சும்மா இருக்குமா? வசனத்தை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்குப் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி: ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்கிற வசனம்: எருசலேமில் ‘ஊசி வாசல்’ என்று ஒரு சின்ன வாசல் இருந்ததாமே? (ஒரு வாசகி, வேலூர்)

பதில்: இல்லை. பிரசங்கங்களில் மட்டும் இருக்கிறது. அப்படி ஒரு வாசல் இருந்ததற்குத் தடயம் கிடையாது. ஒட்டகம் இல்லை, வடக்கயிறு என்று கிரேக்கத்தில் ஒரு எழுத்தை மாற்றிச் சொல்வதும் பழைய சமாதானம்தான். குனிந்து முட்டி போட்டு எப்படியோ நுழைந்துவிடலாம் என்றால், “அப்படியானால் யார் ரட்சிக்கப்படக்கூடும்” என்று சீஷர்கள் ஏன் ஆச்சரியப்பட்டார்கள்? யூத ரபீக்களின் வாதங்களைத் தொகுத்த பாபிலோன் தல்மூதில் யானையே வருகிறது. பும்பெடித்தா ஊர்ப் பண்டிதர்கள் வாதம் செய்தால், “ஊசிக் காதில் யானையை இழுக்கிற ஊர்க்காரரோ?” என்று கேலி. முடியாததற்கு அந்தப் பக்கத்து ஜனங்கள் வைத்திருந்த சொலவடை, அவ்வளவுதான்.

கேள்வி: என் மைத்துனர் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் ‘வேதத்தில் நூறு முரண்பாடுகள்’ என்று தினம் ஒன்று அனுப்புகிறார். பதில் சொல்லவா, விடவா? (ஒரு வாசகர், தாம்பரம்)

பதில்: நீதிமொழிகள் 26:4 பாருங்கள்: “மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே.” அடுத்தது 26:5: “மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடு.” மைத்துனர் பட்டியலில் இது கட்டாயம் இருக்கும். இந்த மாதிரி வசனங்களுக்காக நீதிமொழிகளையே வாசிப்பிலிருந்து ஒதுக்கி வைக்கலாமா என்று ரபீக்கள் யோசித்ததாகத் தல்மூதில் இருக்கிறது. அப்புறம் ஒன்று நியாயப்பிரமாண விஷயத்துக்கு, மற்றது லௌகிகப் பேச்சுக்கு என்று பிரித்து வைத்துக்கொண்டார்கள். தொகுத்தவர் இரண்டையும் மேலும் கீழுமாக ஒட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு அவர் வேண்டுமென்றே சிரித்துக்கொண்டு செய்த மாதிரிதான் தெரிகிறது. மைத்துனரை மூடர் என்று நான் சொல்லவில்லை, அந்தப் பக்கத்தை அப்படியே படம் எடுத்துக் குழுவில் போட்டுவிடாதீர்கள். அவருடைய நூறில் இந்த இதழில் வந்தது எத்தனை என்று மட்டும் எண்ணிச் சொல்லுங்கள், மீதியை அடுத்த மாதம் பார்க்கலாம்.